இரண்டு படங்களுக்கு நடுவே ஓர் ஓடை

நீர்நிலை மீட்புக் கட்டுரைகளுக்கு என்று ஒரு வடிவம் அமைந்துவிட்டது. துப்பறியும் கதைக்கு ஒரு பிணம் தேவைப்படுவதுபோல இதற்கு இரண்டு படங்கள் தேவை. முதல் படத்தில் சீமைக்கருவேலம் மண்டி, பாலிதீன் பைகள் சிக்கி, தரை வெடித்துக் கிடக்கும் ஓர் ஓடை. இரண்டாவது படத்தில் அதே இடம், கரைமுட்டத் தண்ணீர், முடிந்தால் ஓரத்தில் ஒரு கொக்கு. நடுவில் கதை. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய இளைஞரோ, புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியோ, ஒரு வாட்ஸப் குழுவோ நாயகன். முதலில் ஊர் சிரிக்கும். பிறகு ஜேசிபி வரும். கடைசியில் மழை வரும்.

நாம் எல்லோரும் இதைப் படித்திருக்கிறோம், பகிர்ந்திருக்கிறோம். நல்ல விஷயம் என்பதால் கேள்வி கேட்கக் கூச்சம் வேறு. இந்தக் கட்டுரை அந்த வடிவத்தைப் பற்றிய விமர்சனம். அதில் வரும் மனிதர்களின் உழைப்பைப் பற்றியது அல்ல. என் புகார் ஒன்றே ஒன்றுதான். கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியை இந்த வடிவம் கேட்கவிடுவதில்லை: அந்த வேலை நடக்காமலே இருந்திருந்தால், அந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடியிருக்கும்?

*

முதலில் படங்களின் தேதியைப் பார்ப்போம். தென்காசியை எடுத்துக்கொள்ளலாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை கொஞ்சம் இந்தப் பக்கம் சிந்துவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையையும் நம்பித்தான் கீழே கார், பிசானம் என்று இரண்டு நெற்பருவம். ஆக, வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கே எந்த ஓடையிலும் தண்ணீர் இருக்க வாய்ப்பு உண்டு. பங்குனியில் ஒரு படம், ஐப்பசியில் ஒரு படம் எடுத்தால், யாரும் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ளாத ஓடையும் ‘மீண்டு’ வந்திருக்கும்.

ஓர் ஓடையின் உண்மையான நிலை தெரிவது பங்குனி, சித்திரையில்தான். மழை நாளில் ஓடுவது பெரும்பாலும் அன்றைக்குப் பெய்த மழை. மழை நின்று இரண்டு மாதம் கழித்தும் ஒரு விரல் கனத்துக்கு நீர் ஓடினால், அது மலையின் மண்ணும் பாறை இடுக்குகளும் சேர்த்து வைத்து மெல்லக் கசியவிட்ட தண்ணீர். மேலே காட்டுக்கு என்ன ஆயிற்று, அடிவாரத்தில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, வழியில் யார் குழாய் போட்டுத் திருப்பினார்கள் என்பதெல்லாம் அந்த மெல்லிய ஓட்டத்தில் முதலில் தெரியும். வெள்ளத்தில் தெரியாது.

ஆனால் குற்றாலத்தை நாம் பார்க்கக் கற்றுக்கொண்டது நேர் எதிராக. ‘சீசன்’ என்ற சொல்லே இங்கே அருவி கொட்டும் மாதங்களைக் குறிக்கும். பேரருவியில் ஆர்ப்பரிக்கிறது, ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் விழுகிறது, குளிக்கத் தடை, தடை நீக்கம். செய்திகளும் இதோடு முடிந்துவிடும். நம் கண் உச்சத்துக்குப் பழகியிருக்கிறது. சிற்றாறு பங்குனியில் என்ன ஆகிறது என்பது செய்தி ஆகாது. பேரருவியில் தொடங்கி, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும்வரை அதை நம்பிக் கிடக்கும் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் அந்தப் பங்குனிதான் பிரச்சினை.

*

குற்றாலத்தைப் பற்றிப் பேசிவிட்டு டி.கே.சி.யைத் தாண்டிப் போக முடியாது. இங்கேயே வந்து வாழ்ந்த ரசிகமணி, ஒரு விதத்தில் தானும் ஒரு மீட்புப் பணி செய்தவர். கம்பராமாயணத்தில் இடைச்செருகல் என்று தன் காதுக்குப் பட்டவற்றை ஒதுக்கினார், பிழைபட்டது என்று தோன்றிய இடங்களைத் திருத்தினார். கவிதையின் மூல ஓட்டம் தெரியும்படி தூர்வாரினார் என்றே சொல்லலாம். அவர் ரசனையை மதித்தவர்கள்கூட ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘இதுக்குச் சுவடி ஆதாரம் எங்கே?’

இன்னொரு பக்கம் உ.வே.சா. அவரும் மீட்டார். ஆனால் கிடைத்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களையும் குறித்து வைத்தார். அவர் தேர்ந்த பாடம் தவறு என்று நினைக்கும் வாசகர், அவர் தந்த பாடபேதத்தை வைத்தே அவரோடு வாதாடலாம்.

நம்முடைய நீர்மீட்புக் கதைகள் பெரும்பாலும் டி.கே.சி. வழியில் போகின்றன. பார்த்தாலே தெரியுதே, இப்ப எவ்வளவு அழகா இருக்கு! அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகப்படுகிறவர் கையில் கொடுக்க எதுவும் இல்லை. ஓடைக்கும் ஒரு பாடபேதம் வேண்டும்: கை வைக்காத இன்னொரு ஓடை.

*

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எமிலி பெர்ன்ஹார்ட்டும் அவரது குழுவும் அமெரிக்காவின் ஆற்று மீட்புத் திட்டங்களைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 37,000க்கும் அதிகமான திட்டங்கள். ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் செலவு. அவற்றில் ஏதாவது ஒரு வகையில் கண்காணிப்போ மதிப்பீடோ நடந்ததாகப் பதிவு இருந்தவை சுமார் 10 சதவீதம்தான். மற்றவை வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டன.

சரி, அளந்தவையாவது ஜெயித்தனவா? 2010இல் மார்கரெட் பால்மரும் சக ஆய்வாளர்களும் 78 மீட்புத் திட்டங்களின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நேராக்கப்பட்ட ஓடையை மறுபடி வளைப்பது, கற்களை இடுவது, பள்ளமும் மேடும் உண்டாக்குவது போன்ற வேலைகள். பூச்சிகளும் நத்தைகளும் அடங்கிய சிற்றுயிர்களின் வகைகள் புள்ளியியல்படி கூடியிருந்தது வெறும் 2 திட்டங்களில். ஓடை பார்க்க ஓடைபோல ஆகிவிட்டது. குடியிருக்க வேண்டியவை வரவில்லை. மேலேயிருந்து கழிவு வந்துகொண்டே இருந்தால் கீழே கல்லை அழகாக அடுக்கி என்ன பயன்?

நம் பக்கம் எண்களே இல்லை என்று சொல்ல முடியாது, நிறையவே உண்டு. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது வந்த அறிவிப்பு: 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். எத்தனை கிலோமீட்டர் தூர்வாரினோம், எத்தனை தடுப்பணை கட்டினோம், எத்தனை மரக்கன்று நட்டோம் என்று அரசும் சொல்லும், தன்னார்வ அமைப்புகளும் சொல்லும். இவை எல்லாம் செய்த வேலையின் எண்கள். விளைவின் எண்கள் வேறு. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். இந்த மாதம் 20,000 வரி எழுதினோம் என்று ஒரு டீம் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள். ‘சரிப்பா, ஓடுதா? எத்தனை நாளா ஓடுது? எப்ப விழுந்தது?’ என்றுதான் கேட்பார்கள். ‘பின்’ படம் என்பது டெமோ. டெமோவில் எல்லாமே ஓடும்.

*

இப்படியொரு சோதனையைச் சரியாகச் செய்வது நம்மால் ஆகாத காரியமா? ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் செய்திருக்கிறார்கள். அது ஏன் நம் பொதுப்பேச்சில் வரவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

நீலகிரியில் கிளென்மார்கன் அருகே, தலா சுமார் 32 ஹெக்டேர் பரப்பில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். புல்வெளியும் சோலையும் கலந்த பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகள். ஊட்டியிலுள்ள மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் 1968இல் இரண்டு ஓடைகளையும் அளக்கத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகள் வேறு எதுவும் செய்யவில்லை. இதில் இவ்வளவு ஓடினால் அதில் எவ்வளவு ஓடும் என்ற உறவைக் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான். 1972இல் ஒரு பள்ளத்தாக்கின் 59 சதவீதப் பரப்பில் நீலத் தைல மரங்களை நட்டார்கள். இன்னொன்றை அப்படியே விட்டார்கள். அளப்பதை நிறுத்தவில்லை.

முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட ஓடையின் மொத்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. கோடை ஓட்டத்தைக் காட்டும் குறியீடு புல்வெளியோடு ஒப்பிட முதல் சுற்றில் 2 மடங்கும், இரண்டாம் சுற்றில் 3.75 மடங்கும் சரிந்தது.

இந்தச் சோதனையின் முழு பலமும் சும்மா இருந்த அந்த இரண்டாவது ஓடையில் இருக்கிறது. அது இல்லாவிட்டால், ‘அந்த வருஷம் மழை கம்மி’ என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். இரண்டு பள்ளத்தாக்குக்கும் ஒரே வானம். அதனால் மழை என்ற சாக்கு செல்லாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மரம் நட்ட அந்த மலையை 1980இல் படம் எடுத்திருந்தால் அருமையான ‘பின்’ படம் கிடைத்திருக்கும், ஒரே பச்சை. ஓடை மெலிந்தது படத்தில் விழுந்திருக்காது. எல்லா மரமும் கெடுதல் என்று இதிலிருந்து முடிவுக்கு வரக் கூடாது. இந்த இடத்தில், புல்லுக்குப் பதில் இந்த மரத்தை வைத்தால் இவ்வளவு நீர் போகும் என்பது மட்டும்தான் முடிவு. சோதனைக்குரிய அடக்கம் அது.

*

அந்த அடக்கத்தை வைத்துக்கொண்டு நமக்குப் பிடித்த கதைகளைத் திரும்பப் படிக்கலாம்.

ராஜஸ்தானின் அர்வாரி. ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கமும் கிராம மக்களோடு சேர்ந்து ‘ஜோஹட்’ எனப்படும் சிறு மண் அணைகளைக் கட்டி, வறண்ட ஆற்றை ஓட வைத்த கதை. 2001இல் மகசேசே விருது, 2015இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது. அந்த ஆற்றுப் படுகையை எடுத்துக்கொண்டு கிளெண்டென்னிங், வெர்வூர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010, 2011இல் இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். அணைகள் நிலத்தடி நீரைக் கூட்டுகின்றன, கிணற்றுப் பாசனத்துக்குப் பலன் இருக்கிறது. அது உண்மை. ஆனால் அணைகளின் பரப்பு கூடக்கூட ஆற்றில் கீழே போகும் நீர் குறைகிறது என்பதும் அவர்கள் கணக்கில் வந்தது. இங்கே தேக்கியது அங்கே போகாது. இதைச் சொன்னால் அந்த மக்களின் உழைப்பு சிறுத்துவிடாது. ஆனால் ‘ஆற்றை மீட்டோம்’ என்ற வாக்கியத்தில், ஆறு என்றால் எந்த இடத்து ஆறு, யாருடைய ஆறு என்று கேட்க வேண்டி வருகிறது. சிற்றாற்றின் தலைமாட்டில் வரிசையாகத் தடுப்பணை கட்டினால் கடைமடைக் குளத்துக்காரர் கேட்கப்போவதும் இதையேதான்.

அல்லது நம் நாகநதி. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வாழும் கலை அமைப்பின் வழிகாட்டுதலில், நூறு நாள் வேலைப் பெண்கள் செறிவூட்டுக் கிணறுகளும் தடுப்பணைகளும் அமைத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் இது இடம்பெற்றது. அந்தப் பெண்கள் சுமந்த கல்லும் மண்ணும் நிஜம். ஆனால் 2015 இறுதியிலும் 2021 இறுதியிலும் வட தமிழகத்தில் பெய்த பெருமழையும் நிஜம். ஓடிய தண்ணீரில் மழையின் பங்கு எவ்வளவு, கிணறுகளின் பங்கு எவ்வளவு? நாம் பகிர்ந்துகொண்ட கதையில் இந்தக் கேள்வி வரவில்லை. அளந்து சொன்னால் அந்தப் பெண்களுக்குத்தான் நல்லது. அடுத்த வறட்சியில் ஆறு காய்ந்தால், ‘எல்லாம் வெத்து’ என்று சொல்ல ஒருவர் வருவார். அன்றைக்கு அவர்கள் கையில் படம் மட்டும் இருக்கக் கூடாது. பக்கத்து ஓடை ஜனவரியிலேயே நின்றது, எங்களுடையது மார்ச் வரை ஓடியது என்று காட்ட ஒரு நோட்டு வேண்டும்.

பெங்களூரு பக்கம் அர்க்காவதி ஏன் வற்றுகிறது என்று வீணா ஸ்ரீநிவாசனும் குழுவினரும் 2015இல் எழுதிய ஆய்வு எனக்கு ஒரு நல்ல நாவலைப் போலப் பிடிக்கும். சந்தேக நபர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்துகிறார்கள்: மழைக் குறைவு, வெப்ப உயர்வு, நிலத்தடி நீரை உறிஞ்சுவது, தைல மரத் தோப்புகள், ஓடையைத் துண்டாக்கிய தடுப்புகள். ஒவ்வொருவரையும் இருக்கிற குறைந்த தரவை வைத்து விசாரிக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தைவிட நிலத்தடி நீர் உறிஞ்சலும் தைல மரங்களும், கொஞ்சம் குறைவாக ஓடைத் தடுப்புகளும்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று முடிக்கிறார்கள். நோய்க்காரணம் நிலத்தடி நீர் என்றால், ஓடையைத் தூர்வாருவது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதுதான். எவ்வளவு அன்போடு தேய்த்தாலும்.

*

குற்றாலத்துக்குத் திரும்புவோம். இங்கே பந்தயம் பெரியது.

2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மேற்குத் தொடர்ச்சி மலையோரம் இயற்கை ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவிகள் உண்டாக்கிய தனியார் விடுதிகளை ஆய்வு செய்து மூட உத்தரவிட்டது. வழக்கின் மையத்தில் குற்றாலம், தென்காசிப் பகுதி. ஒரு விதத்தில், நம் காலத்தின் மிக நேரடியான ஓடை மீட்பு இதுதான். மரம் நட வேண்டாம், ஜேசிபி வேண்டாம், திருப்பிய குழாயை எடுத்தால் போதும். ஆனால் குழாயை எடுத்ததும் எவ்வளவு தண்ணீர் ஓடைக்குத் திரும்பியது? நாளை யாராவது இன்னும் இரண்டு கிலோமீட்டர் மேலே போய் மறுபடி திருப்பினால் எப்படித் தெரியும்? ஓர் எண் தேவை. அந்த எண் ஓடையின் பழைய நினைவாக, மாதாமாதம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அளப்பது எளிது. சின்ன ஓடையின் குறுக்கே, மேல்விளிம்பில் ‘வி’ வடிவில் செங்கோணமாக வெட்டிய ஒரு தகட்டை நிறுத்தி, வெட்டின் வழியாக நீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். 10 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 5 சென்டிமீட்டர் என்றால் பாதி அல்ல, சுமார் 0.8 லிட்டர்தான். உயரம் பாதியாகும்போது ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கண்ணுக்கு ‘கொஞ்சம் குறைஞ்சிருக்கு’ என்று தெரிவது, கணக்கில் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டதாக இருக்கலாம். கண்ணையும் படத்தையும் நம்ப முடியாததற்கு இதைவிட எளிய காரணம் இல்லை. தகடு இல்லையா? நீர் குதிக்கும் இடத்தில் பத்து லிட்டர் வாளியும் போனில் இருக்கிற ஸ்டாப்வாட்சும் போதும். நான்கு விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 2.5 லிட்டர்.

ஒப்பீட்டுக்கு இந்த மலையடிவாரம்போல வாய்ப்பான இடம் குறைவு. ஒரே மலைச்சரிவு, ஒரே கணவாய் மழை, சிற்றாறு, பழைய குற்றாலத்தில் இருந்து வரும் அழுதகண்ணியாறு, குண்டாறு, அரிகர நதி, அனுமன் நதி என்று விரல்கள்போலப் பக்கத்துப் பக்கத்து ஓட்டங்கள். அவற்றில் சேரும் சிற்றோடைகளில் ஒரே அளவிலான இரண்டைத் தேர்ந்து, ஒன்றும் செய்யாமல் இரண்டு மூன்று வருஷம் இரண்டையும் அளந்து, பிறகு ஒன்றில் மட்டும் வேலை செய்து, அளப்பதைத் தொடரலாம். அந்த முதல் இரண்டு மூன்று வருஷம்தான் கஷ்டம். அதற்கு நிதி தர ஆள் இல்லை, திறப்பு விழா இல்லை, படம் இல்லை.

கண்காணிப்பு என்பது தண்ணீர்க் கணக்கு மட்டும் அல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் வந்தது. 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலையில் பெய்யும் மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. சிறிய நீர்ப்பிடிப்பில் மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. மேலே நீர்மட்டத்தை விடாமல் பார்க்கிற ஒரு கருவி அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தித் தரும். பங்குனியில் ஓடை மெலிவதைப் பதிவு செய்யும் அதே கருவி, வைகாசியில் அது வீங்குவதையும் சொல்லும்.

*

‘எல்லாத்தையும் எண்ணாக்கிட்டா ஆற்றோடு இருக்கும் உறவு என்ன ஆகும்?’ என்று இலக்கிய நண்பர்கள் கேட்பதுண்டு. பழைய ஊர் உறவும் அளவில்தான் நின்றது என்பது என் பதில். நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடையன் என்று ஊருக்கு ஒரு பெயரில் இருந்தவர்களின் வேலையே அதுதான். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு என்று அவர்கள் தலையில் ஒரு கணக்கு ஓடியது. அந்த வேலையைக் கலைத்துவிட்டு, நாம் இப்போது அவர்களின் ‘பாரம்பரிய ஞானம்’ பற்றி உருகுகிறோம்.

அளக்க ஆள் இல்லை என்பதும் சரியில்லை. 2011 முதல் தாமிரபரணிப் படுகையின் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் உள்ளூர் இயற்கை அமைப்புகளும் நடத்த, மாணவர்களும் ஊர்க்காரர்களும் தை மாதக் காலையில் பைனாகுலரோடு கரையில் நின்று எண்ணுகிறார்கள். ஒரு வருஷத்து எண்ணிக்கை பெரிதாக எதுவும் சொல்லாது. பத்து வருஷத்து எண்ணிக்கை பேச ஆரம்பிக்கும். பறவைக்கு முடிந்தது ஓடைக்கும் முடியும்.

பால்மரும் சக ஆய்வாளர்களும் 2005இல் நல்ல ஆற்று மீட்புக்கு ஐந்து அளவுகோல்கள் வைத்தார்கள். ஐந்தாவது: வேலைக்கு முன்னும் பின்னும் அளந்திருக்க வேண்டும், அந்தத் தரவு பொதுவில் இருக்க வேண்டும். அடுத்த முறை இரண்டு படங்களோடு ஒரு ஓடைக் கதை உங்கள் திரையில் வந்து நின்றால், பகிர்வதற்கு முன் மூன்றே விஷயம் கேளுங்கள். படங்கள் எந்த மாதத்தில் எடுத்தவை? பக்கத்து ஓடையில் அன்றைக்கு எவ்வளவு ஓடியது? மூன்று வருஷம் கழித்து யாராவது போய்ப் பார்த்தார்களா? பதில் இருந்தால் தாராளமாகப் பகிருங்கள், எனக்கும் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்களைக் கேலி செய்ய வேண்டாம். வரும் பங்குனியில் ஒரு வாளியோடு அங்கே போய், முதல் எண்ணை எழுதிவிட்டு வாருங்கள்.